எல்லோரும் குனிந்திருந்தபோது

எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்து நான்கு வயது. செங்கல்பட்டு கடைத்தெருவில் எங்கள் அத்தா, அதாவது அப்பா, வைத்திருந்த குடைக் கடைக்கும் எதிரே இருந்த டீக்கடைக்கும் நடுவே இருபது அடித் தெரு. அதைக் கடக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகும். முதலில் கடைக் கண்ணாடியில் முடியை ஒதுக்கவேண்டும். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து, இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்க்கவேண்டும். பிறகு கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்கோ அவசரமாகப் போகிறவன் மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு இறங்கவேண்டும். தெருவே என்னைத்தான் பார்க்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வண்டி மாடுகூடத் திரும்பிப் பார்ப்பதாக நினைப்பு.

அத்தா கல்லாவில் உட்கார்ந்தபடி இந்தக் கூத்தையெல்லாம் பார்ப்பார். "டீ குடிக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டீயே வேண்டாம் என்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். நான் கோபித்துக்கொண்டதையும் தெரு பார்த்திருக்குமே என்று அந்தக் கோபத்தை இன்னும் அரைமணி நேரம் இழுப்பேன்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு பெண் கிடைத்தாள். மாமல்லபுரத்தைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு பழைய பள்ளிவாசல், அதைச் சுற்றி எங்கள் ஆட்களின் வீடுகள், கொஞ்சம் தள்ளி மீனவர் குப்பம். மாமனார் டெய்லர். தெருவைப் பார்த்த முன்னறையில் மிஷின், உள்ளே ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. மாமியார் காலமாகிப் பல வருடம். மாமாவும் ஒரே மகளுமாக இருந்த வீடு, அவள் என்னோடு செங்கல்பட்டு வந்த பிறகு அவர் ஒருவர் மட்டுமாக ஆனது. பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா இருந்தார். சாப்பாடு அங்கிருந்து வந்துவிடும்.

கல்யாணமாகி முதலில் வரும் நோன்புப் பெருநாளை மாமனார் வீட்டில் கொண்டாடவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தலைப் பெருநாள் என்போம். மாப்பிள்ளைக்குப் புது உடுப்பு அவர்கள் தரவேண்டும். மாமா டெய்லர் என்பதால் துணி எடுத்துத் தானே தைத்து வைத்திருந்தார். வெளிர் நீல டெரிலின் சட்டை.

கிளம்பும்போது அத்தா ஒன்று சொன்னார். "டேய், அவங்க ஷாஃபி, நம்ம ஹனஃபி. பெருநாள் தொழுகையில தக்பீர் கணக்கு வேற. பக்கத்துல இருக்கறவங்க இன்னா செய்யறாங்களோ அதப் பாத்து செய்." இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஷாஃபி, ஹனஃபி இரண்டும் தொழுகை விவரங்களில் சிறிது மாறுபடும் இரண்டு வழிமுறைகள். பெருநாள் தொழுகையில் மற்ற நாட்களில் இல்லாத சில தக்பீர்கள் உண்டு. முன்னால் நிற்கும் இமாம் "அல்லாஹு அக்பர்" என்று சொல்லச் சொல்ல, எல்லோரும் கையைக் காது வரை உயர்த்தி இறக்குவோம். எங்கள் முறையில், தொழுகையின் இரண்டாம் பகுதியில் இமாம் குர்ஆன் ஓதி முடித்த பிறகு மூன்று முறை அப்படிக் கை உயர்த்துவோம். நான்காவது குரலுக்குத்தான் குனிவோம். அவர்கள் முறையிலோ கை உயர்த்துவதையெல்லாம் ஓதுவதற்கு முன்பே முடித்துவிடுவார்கள். ஓதி முடித்ததும் ஒரே குரல், ஒரே முறை கை உயர்த்தல், உடனே குனிந்துவிடவேண்டியது. இரண்டும் சரியான முறைகள்தான். எண்ணிக்கைதான் வேறு. நான் அத்தாவுக்குத் தலையாட்டினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெருநாள் காலையில் அந்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, அத்தர் தடவி, தொப்பியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு மாமாவோடு திடலுக்குப் போனேன். சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல்வெளி. பாய்களும் ஜமுக்காளங்களும் விரித்திருந்தார்கள். ஐந்நூறு பேருக்குக் குறையாது. நாங்கள் மேற்கே பார்த்து நிற்பதால் கடல் முதுகுக்குப் பின்னால். அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்த சூரியனும் பின்னால். மாமா என்னைக் கடைசிக்கு முந்தைய வரிசைக்குக் கூட்டிப்போய்த் தன் தோளோடு தோள் சேர நிறுத்திக்கொண்டார். போகும் வழியெல்லாம் ஒருவர் விடாமல் சலாம் சொன்னார்கள். டெய்லர் வீட்டு மாப்பிள்ளை வந்திருக்கிறான் என்று ஊரே பார்க்கிறது என்று எனக்கு உச்சந்தலை வரை குளிர்ந்துவிட்டது.

தொழுகை ஆரம்பித்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தியில் மூடவில்லை. கண்ணை மூடித் தொழும்போது என் முகம் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். பார்ப்பவர்கள், மாப்பிள்ளை எவ்வளவு லயித்துத் தொழுகிறார் என்று நினைக்கவேண்டும். அல்லாஹ்வின் முன்னால் நின்றுகொண்டு அந்த ஊருக்காக முகம் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

முதல் பகுதி எப்படியோ போயிற்று. இரண்டாம் பகுதியில் இமாம் நீளமாக, அழகாக ஓதினார். முடித்தார். "அல்லாஹு அக்பர்" என்றார். நான் கையை உயர்த்தினேன். பக்கத்தில் மாமாவின் கையும் உயர்ந்தது தோளில் தெரிந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று கையை இறக்கிவிட்டு, எங்கள் ஊர்க் கணக்குப்படி இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தேன். குரல் வரவில்லை. கஞ்சி போட்ட துணிகள் மொத்தமாக மடங்கும் சத்தம் ஒன்று கேட்டது. அப்புறம் அதுவரை காதில் விழாத கடலின் சத்தம். மாமாவின் தோள் என் தோளில் இல்லை. கண்ணைத் திறந்தேன்.

எனக்கு முன்னால் ஓர் ஆள்கூட நிற்கவில்லை. முதுகுகள் மட்டுமே இருந்தன. என் காலடியிலிருந்து தொடங்கி, வரிசைக்குப் பின் வரிசையாக, முன்னால் இமாம் வரைக்கும் முதுகுகள். வெள்ளை, மஞ்சள், ரோஸ், கட்டம் போட்டது, கோடு போட்டது, எல்லாம் புதுத் துணி. சூரியன் பின்னாலிருந்து அந்த முதுகுகளின் மேல் விழுந்து மினுங்கியது. கிழவர்கள், முரட்டு ஆட்கள், காலையில் திடல் வாசலில் செருப்புக்காகச் சண்டை போட்ட இருவர், ஊர்ப் பெரிய மனிதர், ஆட்டுக்கறி வெட்டுகிறவர், யார் யார் என்று எதுவும் தெரியவில்லை. எல்லாம் ஒரே உயரம். நடுவில் என் நிழல் மட்டும் நீளமாக இரண்டு வரிசை முதுகுகளின் மேல் விழுந்து கிடந்தது.

குனிந்திருக்கவேண்டும். தவறு என்று தெரிந்துவிட்டது. ஆனால் குனிய முடியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ பெருநாள் தொழுதிருக்கிறேன், இது இப்படி இருக்கும் என்று தெரியாது. எப்படித் தெரியும், நானும் குனிந்திருப்பேனே. ஒரு ஊர் மொத்தமும் தன்னை மறந்து ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்தியிருப்பதைப் பார்ப்பது என்னவோ பார்க்கக்கூடாததைப் பார்ப்பது போல இருந்தது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த நாலைந்து நொடியில் என் சட்டை, என் முகம், என் பெயர்கூட எனக்கு நினைவில்லை. அதற்கு முன்னால் எனக்கு அப்படி ஒரு விடுதலை கிடைத்ததே இல்லை.

பிறகு இமாமின் குரல் வந்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் பதறிப்போய் அப்போதுதான் குனிந்தேன். ஐந்நூறு பேர் குனிந்தபோது நின்றேன், ஐந்நூறு பேர் நின்றபோது குனிந்தேன். என் நினைப்பு முழுக்க மறுபடி என்மேல் வந்து விழுந்தது. நெற்றியைப் பாயில் வைத்தபோது, எழுந்திருக்காமல் இப்படியே கிடந்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

தொழுகை முடிந்ததும் கட்டித் தழுவிக்கொள்வது வழக்கம். தழுவிய ஒவ்வொருவர் சிரிப்பிலும் எனக்குக் கேலி தெரிந்தது. ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து மாமாவிடம், "இவருதான் செங்கல்பட்டு மாப்ளையா? நல்ல ஒசரம்" என்றார். நான் ஒருவன் மட்டும் நெட்டுக்குத்தாக நின்றதைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமா முன்னால் நடந்தார். மணல் பாதையில் இரண்டு முறை தடுக்கினார். அவமானத்தில் மனுஷனுக்குக் கால் ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் விரிப்பு விரித்து, பெரிய தட்டில் சோறும் குருமாவும் வைத்து, மாமா எனக்கு எதிரே உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. குருமாவை அள்ளி ஊற்றியபோது பாதி தட்டுக்கு வெளியே விரிப்பில் விழுந்தது. கோபத்தில் கை நடுங்குகிறது என்று முடிவுகட்டினேன். என் மனைவி அடுப்படி வாசலில் நின்று ஒரு முறை அவரைப் பார்த்தாள், ஒரு முறை என் சட்டையைப் பார்த்தாள். அவளுக்கும் அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நாலு நாள் இருப்பதாக வந்தவன், தலைவலி என்று சொல்லி அன்று மதியம் இரண்டு மணி பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாமா தெருமுனை வரை வந்தார். "நாளைக்கு போலாமே மாப்ளே" என்று ஒரே முறை சொன்னார். பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரும் வரை அவள் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

அந்த நீலச் சட்டையை அவள் துவைத்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்தால் எனக்கு அந்தத் தொழுகை ஞாபகம் வரும் என்றுதான் ஒளித்துவைக்கிறாள் என்று நினைத்து மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. குடைக் கடையில் கூட்டம். கடலோரத்து ஆள் யார் வந்தாலும் ஒரு குடையை விரித்துப் பார்ப்பதுபோல முகத்தை மறைத்துக்கொள்வேன். ஒருநாள் மாமாவின் ஊர்க்காரர் ஒருவர் வந்து கடை வாசலில் நின்றார். என்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார். போச்சு, செங்கல்பட்டு வரைக்கும் வந்துவிட்டது என்று நான் வியர்த்துப்போய் நிற்க, அவர் கழுத்தை நீட்டி, "அண்ணாத்த, கொஞ்சம் நவுருங்க. பின்னால மாட்டிகினு கீற குடை இன்னா வெல?" என்றார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. தெரியாத மாதிரி நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு மாதமும் சில நாளும் போனால் ஹஜ்ஜுப் பெருநாள். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது என் மனைவி, "எங்க அத்தா தனியா கீறாரு. பெருநாளைக்கு போலாங்களா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். கடையில் வேலை என்றேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு, "இனிமே அந்த ஊர்ல நான் கால் வைக்கமாட்டேன், இன்னொரு தபா அந்தப் பேச்சை எடுத்தா நல்லா இருக்காது" என்று கத்தினேன். அவள் தட்டை எடுக்கவில்லை. அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"ஒரு சட்டைக்காக எங்க அத்தாவ இவ்ளோ தண்டிக்கணுமா?" என்றாள்.

"எந்தச் சட்டை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அவரு வேணும்னு அப்டி தைக்கல. கண்ணுல பொர வுழுந்துடுச்சு. ஒரு கண்ணு சுத்தமா தெரியல, இன்னொன்னு பாதிதான். ஊருக்கு தெரிஞ்சா எவன் துணி குடுப்பான்னு சொல்லாம மறைச்சிகினு கீறாரு. ஒங்க சட்டையயாவது வேற ஆள்கிட்ட குடுங்கன்னா கேக்காம, கையால தடவித் தடவி நாலு நாளா தைச்சாரு. நீங்க அத பாத்துட்டு மொகத்த தூக்கிவச்சிகினு அன்னிக்கே கெளம்பிட்டீங்க."

நான் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். காலரின் ஒரு முனை மற்றதைவிட ஒரு விரல்கடை நீளம். பை சாய்ந்து கிடந்தது. மூன்றாவது பொத்தானுக்கும் காஜாவுக்கும் ஒட்டே இல்லை. தையல் தோளிலிருந்து இறங்கும் இடத்தில் பிசகி, பிரித்து, மறுபடி போட்டு, மறுபடியும் பிசகியிருந்தது. இதை மாட்டிக்கொண்டுதான் ஊரே என்னைப் பார்க்கிறது என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன். அன்று காலையில் பொத்தான் போட்டதும் நான்தான், கண்ணாடி பார்த்ததும் நான்தான். ஊர் கிடக்கட்டும், நானே அதைப் பார்க்கவில்லை.

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் தொழுகையில் நடந்ததைச் சொன்னேன். நின்றதை, குனிந்ததை, பெரியவர் ஒசரம் என்று கேலி பண்ணியதை எல்லாம். அவள் முழுக்கக் கேட்டாள்.

"எல்லாரும் குனிஞ்சிகினு இருக்கறப்ப நீங்க நின்னீங்க."

"ஆமா."

"குனிஞ்சிகினு கீறவங்க காலு வெரலத்தான் பாப்பாங்க. ஒங்கள யாரு பாத்தது?"

இரண்டு மாதமாக ராவும் பகலும் அதைப் பற்றியே யோசித்திருக்கிறேன். இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு திடல் முழுக்க என்மேல் ஒரு கண்கூட இல்லாத ஒரே நேரம் அதுதான். அதைத்தான் எல்லோரும் பார்த்ததாக நான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

"அப்புறம் நான் மட்டும் தனியா குனிஞ்சேனே," என்றேன், விடாமல்.

"அப்ப அவங்க சஜ்தாவுல நெத்தி வைக்கற எடத்த பாத்திருப்பாங்க. தொழுகையில அங்க இங்க பாக்கறது ஒங்க ஊரு வழக்கமா?" என்றாள். முதலில் சிரிப்பாள் போல இருந்தது. பிறகு அவள் முகம் மாறியது. "அப்ப நீங்க சட்டைய பாக்கவே இல்லியா?"

"சத்தியமா இல்ல."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாமா மிஷினில் உட்கார்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று அப்போதுதான் சொன்னாள். மாப்பிள்ளைக்கே தெரிந்துவிட்டது, இனி ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும் என்று, பெருநாளுக்கு மறுநாளே மிஷினை மூடிவிட்டாராம். வந்த துணிகளையெல்லாம் கைவலி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். என் ஒரு மதியத்து ரோஷம் ஒரு மனுஷனின் பிழைப்பை நிறுத்தியிருக்கிறது. எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பெருநாளுக்கு முந்தைய மதியமே போய்ச் சேர்ந்தோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. மாமா வாசலுக்கு வந்து, "வாங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு மகளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். முன்னறையில் மிஷின் மேல் பழைய போர்வை ஒன்று போர்த்தியிருந்தது. அதன்மேல் யாரோ அரிசி முறத்தை வைத்திருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அன்றைய பொழுதைக் கடத்திவிட்டேன்.

மறுநாள் காலையில் மழை நின்றிருந்தது. ஈர மணலில் பாய் விரித்துத் தொழுதோம். இம்முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒழுங்காக எண்ணி, எல்லோரோடும் சேர்ந்து குனிந்தேன். என் கால் விரல்களும் பாயின் ஓரமும் தெரிந்தன. பக்கத்தில் யானை நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது. இதைச் சோதித்துப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, எங்கே நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாதோ என்ற பயத்தில் ஒரே மூச்சாக எல்லாவற்றையும் சொன்னேன். தொழுகையில் பிசகியது, வெட்கத்தில் ஓடியது, சட்டையை இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தது. "நான் பாக்கல மாமா. அன்னிக்கு நான் எதையுமே பாக்கல. என்னத்தான் பாத்துகினு இருந்தேன்" என்றேன்.

திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"நீங்க நின்னது எனக்கு தெரியாது மாப்ளே," என்றார் கடைசியில். "அன்னிக்கு தொழுதேனான்னே எனக்கு ஞாபகம் இல்ல. பக்கத்துல ஒங்க சட்டை எப்டி கீதோன்னு அதே நெனப்பு. அல்லா மன்னிக்கணும்." பிறகு, "எல்லாரும் குனிஞ்சிகினு இருந்தப்ப நீங்க முழிச்சி பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன் மாமா."

"எப்டி இருந்துச்சு?"

அவர் கேலி செய்யவில்லை. முன்னால் குனிந்து உட்கார்ந்துகொண்டார். "அம்பது வருஷமா அந்த திடல்ல தொழுறேன். ஒரு தபா கூட அத பாத்ததில்ல. யாரு பாத்திருப்பா? குனிஞ்சிகினுதான இருப்போம். நீங்க பாத்தீங்க. சொல்லுங்க."

சொன்னேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது, இருந்தாலும் அன்று வந்தது. துணி மடங்கிய சத்தத்தைச் சொன்னேன். கடல் கேட்டதைச் சொன்னேன். வெயில் பட்டு மினுங்கிய நிறங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எத்தனை வரிசை, எவ்வளவு தூரம், எல்லாம் ஒரே உயரமாகத் தெரிந்தது, எனக்குப் புல்லரித்து நகர முடியாமல் போனது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது மறுபடி புல்லரித்தது. அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த முதுவுல எத்தினியோ நான் தைச்ச சட்டைங்க," என்றார். குரல் இறங்கிவிட்டது. "கண்ணு மங்குனப்புறம் தைச்சது. மறுநாளே எவனாவது சட்டைய தூக்கிகினு வந்து நிப்பான்னு பயந்துகினு கெடந்தேன். ஒருத்தனும் வரல. எல்லாருக்கும் தெரியும், பாவம்னு வுட்டுட்டாங்கன்னு நெனச்சேன்." பிறகு ரொம்பத் தயங்கி, சின்னப் பிள்ளை பரீட்சைத் தாளைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார். "முதுவுத் தையலு நேரா இருந்துச்சா மாப்ளே?"

எனக்குத் தெரியாது. தையலை எவன் பார்த்தான். வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்காத ஒரு காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அதில் ஒரு தையல்கூட என் கண்ணில் படவில்லை. அதையே சொன்னேன். "ஒரு கோணல்கூட எனக்குத் தெரியல மாமா. அவ்ளோ நல்லா இருந்துச்சு."

நம்புகிறாரா என்று பார்ப்பதற்காக அவர் முகத்தைப் பார்த்தேன். வாசல் வெளிச்சம் நேராக அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. இடது கண்ணின் கருமணி முழுக்க வெள்ளை. வலது கண்ணில் பாதி வெள்ளை. நீர்த்த பால் மாதிரியான அந்த வெள்ளை தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும். கண் டாக்டர் வேண்டியதில்லை, ஒரு நிமிடம் முகத்தைப் பார்த்தால் போதும். சாயங்கால பஸ்ஸில் என்னோடு செங்கல்பட்டு வாருங்கள், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவோம் என்றேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். "சரி மாப்ளே" என்று என் பக்கம் கையை நீட்டினார். கை எனக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. நான் நகர்ந்து போய் அதைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நிக்காஹ் அன்று பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளைக்கு எதிரே முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உனக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொல்லவேண்டும். இதே கையால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். ஒரு முழம் தூரத்தில் இதே கண்களோடு என் முகத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அப்போது என் மாலை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.